ஆள் விழாத படங்கள்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகக் கேமரா வந்த அன்று வீட்டைத்தான் படம் பிடித்தார்கள். வீட்டிலிருந்த எங்களில் ஒருவரைக்கூடப் பிடிக்கவில்லை. நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார்ந்த வருஷம் அது.

கேமராவைக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. பெரிய கோயில் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தார். கல்யாணம் முடித்து வருகிறவர்களைக் கோபுரத்துக்கு முன்னால் விறைப்பாக நிற்கவைத்துப் படம் எடுப்பது அவர் தொழில். முதலாளியிடம் கெஞ்சி ஒரு நாளைக்குக் கேமராவை வாங்கி வந்திருந்தார். பட்டணத்தில் யாரோ பழைய வீடுகளின் படம் கேட்கிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தறியைவிட்டு எழாமலே, "புடிச்சிக்கோ. ஆளுங்கள புடிக்காத" என்றார்.

பட்டணத்துக்காரர் யாரும் கேட்கவில்லை. கேட்டது என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. ஏனாத்தூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பையனோடு அவள் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது, அவள் வாசல்படி மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஏனாத்தூர் என்ன சீமையா, சைக்கிள் மிதித்தால் வந்துவிடும். ஆனாலும் எங்களுக்குப் போக முடியாத ஊராகிவிட்டது.

இப்போது அவள் மாசமாக இருந்தாள். வாய்க்கு என்ன வேண்டும் என்று அம்மா ரகசியமாக மாமாவிடம் கேட்டு அனுப்பியதற்கு, வாய்க்கு ஒன்றும் வேண்டாம், வீட்டை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. பிள்ளை சுமக்கிறவள் ஆசைப்பட்டதை இல்லை என்று சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள் எங்களில். அம்மா அதற்கும் பயந்தாள், அப்பாவுக்கும் பயந்தாள். இதெல்லாம் அம்மா வெகுநாள் கழித்து எனக்குச் சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் கேமரா வந்திருக்கிறது என்பதுதான்.

பொங்கலுக்கு எடுத்த பாவாடையைக் கட்டி, பவுடரை அப்பிக்கொண்டு வந்தேன். நில் என்று யாரும் சொல்லவில்லை. வாய்திறந்து கேட்க எனக்கும் வெட்கம். அதனால் மாமா கேமராவைத் திருப்பிய பக்கமெல்லாம், ஏதோ வேலையாக நிற்பதுபோல் போய் நின்றேன்.

மாமா வீட்டை முழுசாகப் பிடிக்கவே இல்லை. கதவில் நாதாங்கியைச் சுற்றி, கை பட்டுப் பட்டு மினுமினுத்த இடத்தை மட்டும் பிடித்தார். பட்டு நூலை மாட்டி இழுத்து இழுத்து முற்றத்துத் தூணில் கோடு விழுந்திருந்தது. வெயில் சாய்ந்து அந்தக் கோடுகளில் நிழல் இறங்கும்வரை குந்தியபடியே காத்திருந்து அதைப் பிடித்தார். பிறகு விளக்கு மாடத்துக்கு மேலே கரி படிந்த சுவருக்குப் போனார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடா இது, கரி புடிச்ச செவுத்த போயி எடுத்துக்கினு இருக்குற? வெள்ளையடிச்ச பக்கமா எடேன்."

"வெள்ளையடிச்ச பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு தெரியாதுக்கா. வெளக்கு ஏத்துனவளுக்குக் கரிதான் தெரியும்."

அம்மா சட்டென்று தறிப்பக்கம் பார்த்தாள். குறுக்கு நூலை இழுத்தபடி நாடா ஓடுகிற சத்தம் கொஞ்சம் நின்று, மறுபடி கேட்டது.

நான் மாடத்துக்குக் கீழே மெல்லப் பாவாடை ஓரத்தை நீட்டினேன்.

"பாவாடைய இழுத்துக்கோமா," என்றார் மாமா, கண்ணை எடுக்காமலே. "கடசியா ஒன்னு உனக்குத்தான். சும்மா இரு."

கடைசிப் படம் தறி. எனக்குத் தலைகால் புரியவில்லை, தறியில்தான் எனக்கு இடம் உண்டே. எங்கள் ஊர்ப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு நாடா போட வேண்டும். அப்பாவுக்குப் பக்கத்தில் அந்த வேலை என்னுடையது. இருவரும் உட்காரும் பலகையில் அப்பா இடத்தில் ஒரு பெரிய பள்ளமும், என் இடத்தில் ஒரு சின்னப் பள்ளமும் தேய்ந்து வழவழவென்று இருக்கும். நான் போய் என் பள்ளத்தில் உட்கார்ந்து, கல்யாணப் பெண் மாதிரி விறைத்துக்கொண்டேன். மாமா சிரித்தபடி கேமராவைத் தூக்கினார்.

"நீ எழுந்துக்கோமா," என்றார் அப்பா.

காதில் விழாதவள்போல் இருந்தேன். அப்பா தோளைத் தொட்டு என்னை எழுப்பினார். தானும் எழுந்து நகர்ந்தார். பிறகு கரை நாடாவை எடுத்து என் இடத்தில் வைத்தார். அது சரியில்லை என்று பட்டதோ என்னவோ, அதை எடுத்துவிட்டுத் துண்டால் பலகையைத் துடைத்து, சின்னப் பள்ளம் மறையாதபடி நாடாவை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"பள்ளம் தெரியுதா பாரு," என்றார் மாமாவிடம்.

மாமா கேமராவை இறக்கிவிட்டு அப்பாவைப் பார்த்தார். "தெரியுது மச்சான்."

"நெழலடிக்குது. கிட்ட போயி புடி."

மாமா மண்டிபோட்டுப் பிடித்தார். பிலிம் தீர்ந்தது. படம் யாருக்கு என்று அப்பா கேட்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் பவுடர் கரைய அழுதேன். என் இடத்தைப் பிடித்தார்கள், என்னைப் பிடிக்கவில்லை. "நான் ஒக்காந்து ஒக்காந்து ஆன பள்ளம்" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். இல்லை என்று அப்பா சொல்லவில்லை, தலையைத் தடவிக் கொடுத்தார். அத்தை போன பிறகுதான் நான் அங்கே உட்கார ஆரம்பித்தேன். நடுவில் ஒரு மழைக்காலம்தான் போயிருந்தது. பலகை அவ்வளவு சீக்கிரம் தேயாது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.