பேரில்லாத ஃபங்ஷனும் தேங்காய்த் துருவலும்

லாம்டா என்ற கிரேக்க எழுத்து ஒருநாள் பிள்ளைகளை அழ வைக்கும் என்று நான் எப்போதோ சொன்னேன். யாரும் கேட்கவில்லை. இன்று ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகும் பஸ்ஸில் அது நடந்தே விட்டது.

முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். அதில் ஒருத்திக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்டர்வியூ. கண் கலங்கியிருந்தது.

"கணக்குல லாம்டான்னா ஐகன் வேல்யூடி. மேட்ரிக்ஸ் ஒரு வெக்டரை எத்தனை மடங்கு நீட்டுதுங்கறது. ப்ரோக்ராம்ல என்னன்னு கேட்டா என்னடி சொல்றது?"

"பேரில்லாத ஃபங்ஷன்னு சொல்லு. ஒண்ணைக் கொடுத்தா வேலையை முடிச்சுத் திருப்பித் தர்ற குட்டி ப்ரோக்ராம், அதுக்குப் பேர் மட்டும் வைக்கறதில்ல."

"பேரில்லாம எப்படிடி வேலை வாங்கறது?"

இதற்குமேல் நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? எட்டாம் வகுப்பிலேயே கணக்கு வாத்தியாரைத் திணறடித்தவன் நான்.

"பாப்பா, எங்க வீட்டு ஆன்ட்டி கல்யாணமான நாள்லேர்ந்து என் பேரைச் சொன்னதே இல்ல. 'இந்தாங்க, தேங்காயைத் துருவுங்க'ம்பாங்க. துருவிக் கொடுத்துடுவேன். பேர் எதுக்கு? கையில கொடுத்தது வேலை முடிஞ்சு திரும்பி வந்தா போதும். நான்தாம்மா லாம்டா!"

பஸ்ஸே சிரித்தது. கண் கலங்கியவளும் சிரித்துவிட்டாள்.

"அங்கிள், இதை அப்படியே இன்டர்வியூல சொல்லிடவா?"

"தாராளமா சொல்லும்மா."

இந்நேரம் சொல்லியிருப்பாள். விளக்கத்தில் தப்பில்லை. ஆனால் உதாரணம் சுத்தப் பொய். என் மனைவி என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் இனிஷியலோடு.

உங்கள் வீட்டில் நிஜ லாம்டா யாராவது இருந்தால் கமென்டில் கை தூக்குங்கள். அந்தப் பெண்ணின் வேலைக்காகவாவது.