பாசி உனக்கு, மீன் எனக்கு

சேந்தமங்கலத்துக்கு மேற்கே, கொல்லிமலைத் தண்ணீர் வந்து தங்குகிற சின்ன ஏரி ஒன்றை ஏழு வருஷமாக ஏலத்தில் எடுத்து மீன் வளர்த்துவந்தான் கைலாசம். மேட்டூரிலிருந்து கெண்டைக் குஞ்சுகளைப் பானையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவான். தண்ணீர் அசையாமல் நின்றால் குஞ்சுகளுக்கு மூச்சு முட்டிவிடும் என்று வழி நெடுக உள்ளே கையை விட்டு அலசிக்கொண்டே இருப்பான். ஒரு தடவை பாதி வழியில் தூங்கிப்போனானாம். கை மட்டும் தூங்காமல் ஊர் வரைக்கும் அலசிக்கொண்டு வந்ததாம். அவன் மனைவி முத்தாயம்மாள் இதைச் சத்தியம் செய்து சொல்வாள். ஆகையால் நம்பித்தான் ஆக வேண்டும்.

கோடையில் ஏரி வற்றிவிடக் கூடாதே என்று கரையோரக் கிணற்றில் ஆயில் இன்ஜின் ஒன்று வைத்திருந்தான். வளர்கிற மீனில் பாதி அந்த இன்ஜின் வயிற்றுக்குத்தான் போகிறது என்பது முத்தாயம்மாளின் கட்சி. அவள் சொன்னதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

அறுபதாம் வருஷம் ஆடி மாதம் அப்புசாமி வந்தான். கைலாசத்தோடு ஒரே பலகையில் உட்கார்ந்து மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இன்ஜின் சாமான் கடையில் வேலை. கரையில் நின்று ஏரியைப் பார்த்தான். தண்ணீர் தெரியவில்லை. பச்சைப் போர்வை போர்த்தினாற்போலப் பாசி.

"மாப்ளே, சீமையில என்ன பண்றாங்க தெரியுமா? குட்டையில மெதக்கிற பாசியக் காயவெச்சு ஆட்டி எண்ணெய் எடுக்கறாங்க. அத ஊத்தி இன்ஜின் ஓட்டறாங்க. பத்திரிகையில போட்டிருக்குது."

"இந்தக் கருமத்துலயா?"

"இந்தக் கருமத்துலதான். மீன் உனக்கு, பாசி எனக்கு. உன்ற ஏலத்துல மிச்சமிருக்கிற ரண்டு வருசத்துக்கு எழுதிக் குடு. வர்ற எண்ணெயில உன்ற இன்ஜினுக்குச் சும்மாவே ஊத்திக்க."

முத்தாயம்மாள் உள்ளேயிருந்து கேட்டாள். "ஏனுங்க, நாம வழிச்சு எறியறதுக்குப் பத்தரம் எதுக்குங்க?"

"சீமைச் சமாச்சாரமுன்னா அப்படித்தான்" என்றான் கைலாசம். தன் நண்பன் தன்னைத் தேடி வந்ததே அவனுக்குப் பெருமை. அப்புசாமி சொல்லச் சொல்ல, 'ஏரியின் பாசி பாத்தியம் முழுவதும்' என்று எழுத்துக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டான். பாசிக்குப் பாத்தியம் வந்ததை நினைத்து அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

வேலை எல்லாம் அவன் தலையில். அப்புசாமி ஞாயிற்றுக்கிழமை வருவான், பார்ப்பான், போவான். பதினாறு கூடை பாசி காய்ந்தால் ஒரு கூடை. பாசியில் ஒட்டிய மண்ணை அலச இன்ஜின் ஓட வேண்டும். மழை நாளில் காயவைக்க விறகு வேண்டும். செக்கில் போட்டபோது மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வந்ததோ எண்ணெய் அல்ல, பச்சைச் சேறு. அதை அரித்து, வடித்து, காய்ச்சிப் பார்த்ததில் அடியில் ஒரு விரல்கடை எண்ணெய் நின்றது. கைலாசம் கணக்கில் புலி இல்லை. ஆனாலும் புட்டிக் கணக்கு அவனுக்கு வரும். ஒரு புட்டி பாசி எண்ணெய் இறங்க இன்ஜின் மூன்று புட்டி குடித்திருந்தது. விறகும் செக்கும் அதற்கு மேலே.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சேலத்தில் நாலு பேரிடம் சொல்லியிருப்பானே, தலைகுனிந்து நிற்பானே என்று நண்பனுக்காக இவன் வெட்கப்பட்டான். முத்தாயம்மாள் விதைக்கு வைத்திருந்த நிலக்கடலையில் இரண்டு படி எடுத்துப் பாசியோடு சேர்த்துச் செக்கில் கொட்டினான். பச்சை நிறத்தில் கமகமவென்று எண்ணெய் இறங்கியது. இன்ஜினில் ஊற்றினால் குதிரைபோல ஓடியது.

"பாத்தியா மாப்ளே" என்றான் அப்புசாமி. முதலாளியிடம் காட்டுவதாகச் சொல்லி இரண்டு புட்டி எடுத்துப்போனான். மாதாமாதம் எடுத்துப்போனான். மாதாமாதம் விதைக்கடலை குறைந்தது. பொங்கலுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தான் கைலாசம். பொங்கலன்றைக்கு அப்புசாமி கரும்புக் கட்டோடு வந்து இறங்கியதும் அதுவும் தள்ளிப்போயிற்று.

ஒன்று மட்டும் நல்லதாக நடந்தது. பாசியை வழித்து வழித்து ஏரி கண்ணாடியாகிவிட்டது. மீன்கள் ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம்.

பங்குனியில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கிய ஒரு காலையில் அப்புசாமி வலைக்காரர்களோடும் ஒரு லாரியோடும் வந்தான். கையில் அந்தத் தாள்.

"என்ன மாப்ளே, வல எதுக்கு?"

"பாசி எனக்குத்தான? எழுதிக் குடுத்திருக்கியே."

கைலாசத்துக்குப் புரியவில்லை. டிரங்குப் பெட்டியில் இருந்த ஏல ரசீதை எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினான். குமாஸ்தா அதையும், அப்புசாமி முன்பே கொண்டுவந்து பதிந்திருந்த தாளின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உங்க ரசீதுல மேல என்ன போட்டிருக்குது, படிங்க."

கைலாசம் எழுத்துக் கூட்டினான். 'பாசி குத்தகை.' ஏழு வருஷமாக அந்த மாதிரி ரசீதுகளில் முத்திரை இருக்கிறதா என்று மட்டுமே பார்த்திருந்தான்.

"நீங்க மீன் ஏலமுங்கறீங்க. தாள்ல அதுக்குப் பேரு பாசிங்க. பாசின்னா மீனுங்க. அவரு இதே வார்த்தையத்தான் எழுதி வாங்கியிருக்கிறாரு."

"அப்ப, தண்ணி மேல மெதக்குதே, அதுக்கு என்னங்க பேரு?"

"அத ஆரு ஏலம் உட்டா, பேரு வெக்கறதுக்கு?"

திரும்பி வந்தபோது லாரியில் பாதி மீன் ஏறியிருந்தது. பாசி இல்லாத ஏரியில் வலை எங்கேயும் சிக்கவில்லை. துடைத்துக் கொடுத்தவன் அவனேதான். கைலாசம் மீனைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்புசாமி, நீ கொண்டு போன எண்ணெயில நான் கடல கலந்தன். நீ மனசு ஒடஞ்சிருவியேன்னுதான் கலந்தன்."

"மொதப் புட்டியிலயே தெரியுமே" என்றான் அப்புசாமி, மீனைக் கூடையில் எண்ணிப் போட்டுக்கொண்டே. "மோந்தா தெரியாதா? ஊட்டுல அதுலதான் பலகாரம் சுடறா. நல்ல எண்ணெய், மாப்ளே."

லாரி போனது. அடுத்த வருஷ மீனும் அந்தத் தாளோடு போயிற்று. அதற்கடுத்த ஏலத்தில் கேட்கக் கைலாசத்திடம் ஒன்றும் இல்லை. பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைத் தோட்டங்களில் அடுத்தவர் இன்ஜினை ஓட்டப் போய்விட்டான்.

அவன் வீட்டில் அப்புறம் கடலை எண்ணெய் புழங்கவில்லை. விருந்தாளி யாராவது ஏன் என்று கேட்டால் முத்தாயம்மாள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்வாள்: "அது இன்ஜினுக்குங்க."