ஆடிக் காற்றில் அடித்த கறுப்பு

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில்தான் என் அரக்கர்களுக்கு முதல் பூச்சு நடக்கும். எல்லாம் கட்டைவிரல் உயரப் பொம்மைகள். கோடாலி பிடித்த அரக்கர்கள், விண்வெளிக் கவசம் மாட்டிய வீரர்கள். மேஜைமேல் பரப்பி ஆடும் போர் விளையாட்டுக்கானவை. விளையாட எனக்கு ஆள் கிடையாது. வர்ணம் தீட்டுவதோடு சரி. நாற்பத்திரண்டு வயதில் வங்கியில் வேலை பார்ப்பவளுக்கு இது எதற்கு என்று கேட்டவர்களிடம், மன அமைதிக்கு என்று சொல்லிவைத்திருந்தேன்.

முறை எளிது. முதலில் ஸ்ப்ரே கேனால் பொம்மை முழுக்கக் கறுப்பு. காய்ந்ததும் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை. மேலே வெளிச்சம், மடிப்புகளில் நிழல் என்று தானாகவே அமைந்துவிடும். அதன்மேல் பச்சையை நீர்க்கக் கரைத்து இரண்டு தடவை பூசினால் அரக்கன் முறைக்கத் தொடங்கிவிடுவான். காற்றடிக்கும்போது ஸ்ப்ரே அடிக்கக் கூடாது என்பதும் முறையில் உண்டு. அது ஆடி மாதம். எனக்குப் பொறுமை இல்லை.

ஆறு அரக்கர்களை அட்டைப்பெட்டிக்குள் நிறுத்தி அடித்து முடித்து நிமிர்ந்தபோதுதான், கொடியில் கீழ்வீட்டு மாமாவின் எட்டு முழ வேட்டி கண்ணில் பட்டது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். தன் வேட்டிக்குத் தானே நீலம் போடுகிறவர். கடுகு தாளித்துக் கொட்டியதுபோல் அதில் பாதி இடம் கறுப்புப் புள்ளி.

நல்லவளாக இருந்தால் கீழே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். என் கையில் வெள்ளை கேன் இருந்தது. கறுப்பின்மேல் வெள்ளை என்பதுதானே முறை? அடித்தேன். புள்ளிகள் மறைந்தன. ஆனால் காய்ந்த வேட்டி அப்பளமாக விறைத்துக்கொண்டு, காற்றில் படபடக்காமல் தட்தட்டென்று தட்டியது.

மாலையில் மாமா அதை வீடு வீடாக எடுத்து வந்தார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும் என்றேன். அவர் அதை அப்படியே நம்பி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எல்லோரையும் கூட்டித் தொட்டியைக் கழுவவைத்தார். நானும் பிளீச்சிங் பவுடரோடு முன்னால் நின்றேன்.

இரண்டு நாள் கழித்து, ஓர் அரக்கனுக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தபோது மாமி வந்தார். என் பூதக்கண்ணாடியை எடுத்து அவனை நிதானமாகப் பார்த்தார். பிறகு, வற்றல் எடுக்க அன்றைக்கு மாடிக்கு வந்ததாகவும், படியில் நின்று இரண்டு கேனையும் பார்த்ததாகவும் சொன்னார். இப்போதே மாமாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"சொல்லாதே. அந்த வேட்டியைத் தூக்கிப் போடுங்கோன்னு நாலு வருஷமாச் சொல்றேன். இப்பதான் விட்டார்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பழுப்பா ஒரு அரைக்கைச் சட்டை வெச்சிண்டிருக்கார். அடுத்து எப்போ அடிப்பே?"

சனிக்கிழமை கொடியில் அந்தச் சட்டை மட்டும் தனியாகத் தொங்கியது. காற்றின் திசை பார்த்து, விண்வெளி வீரர்களை வரிசையாக நிறுத்தி அடித்தேன். இவ்வளவு கவனமாக நான் எதையும் செய்ததில்லை.

திங்கட்கிழமை பால் வாங்கப் போனபோது மாமா எதிரே அதே சட்டையில் வந்தார். நிறுத்தி, காலரை நீவிக் காட்டினார்.

"புள்ளி போட்ட சட்டை. மாமி எனக்குத் தெரியாம வாங்கி வெச்சிருக்கா. நன்னா இருக்கோல்லியோ?"

நன்றாக இருக்கிறது என்றேன். கோயிலுக்கும் அதையேதான் போட்டுக்கொண்டு போனார். மாமி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.