வண்டி வராத பாதை

சிவகாசி ரோட்டில் லோடு லாரிகளுக்குப் பயந்துதான், வெம்பக்கோட்டை அணைப் பக்கம் கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன். வண்டியே வராத சரளைப் பாதை. ஆனால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அந்தச் சனிக்கிழமை காலையில் மூன்றாவது தடவையாக முள் ஏறி டயர் பஞ்சரானது. கையிலிருந்த ஒட்டுகள் முதல் இரண்டுக்கே தீர்ந்திருந்தன. எரிச்சலில் சைக்கிளை ஓர் உதை விட்டேன், கால்தான் வலித்தது.

முக்கால் மணி நேரம் வெயிலில் தள்ளிக்கொண்டு தார் ரோட்டுக்கு வந்தபோது, பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போன வேன் ஒன்று நான் கை காட்டாமலே நின்றது. ஜன்னலோரம் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏக்கா, ரோடு இம்புட்டு நல்லாக் கெடக்கு, அங்கன எதுக்குப் போனீக?"

"அங்கனதான் வண்டி வராது" என்றேன்.

"வண்டி வராட்டி உங்கள யாரு ஏத்திட்டுப் போவா?"

வேனில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டிரைவர் சைக்கிளை மேலே தூக்கிக் கட்டினார். அவர்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். ஏழாயிரம்பண்ணை பஞ்சர்க் கடையில் இறங்கும்வரை நான் முகத்தை உர்ரென்றே வைத்திருந்தேன். நன்றி சொல்லக்கூட மறந்துவிட்டேன்.