படகு சவாரியில் ஒரு ‘ரி’

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். அன்று அது முதலில் என் மேலேயே வந்தது.

அப்போது நாவலூரில் வெப்சைட் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தற்காலிக வேலை எனக்கு. கூடுவாஞ்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். மாமல்லபுரத்தில் சுற்றுலாப் படகு விடுகிற ஒருவருக்குத் தமிழில் வெப்சைட் செய்யும் வேலையைக் கொடுத்து, "இது ஒழுங்கா முடிஞ்சா வேலை நிரந்தரம். இல்லன்னா வேற இடம் பாத்துக்கம்மா" என்றார் மேனேஜர்.

பக்கத்தின் மேலே கடல் படம். அதன் மேல், அழுத்தினால் வேறு பக்கம் திறக்கும் மூலை வளைந்த டேப்கள். இங்கிலீஷுக்குப் பழகிய கை, எல்லாவற்றுக்கும் ஒரே அகலம் வைத்துவிட்டேன். வீட்டில் அதைத் திறந்து பார்த்த படகுக்காரர் நேராக ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது, படகு சவான்னு கீது? சவம்னு படிச்சிட்டு எவன் வந்து ஏறுவான்? மூலைக்கு மூலை சாம்பக் கலர்ல கட்டம் வேற!"

அடக் கடவுளே! இடம் போதாமல் ‘ரி’ வெட்டுப்பட்டிருந்தது. சாம்பல் கட்டத்துக்குக் காரணம் அவர் வீட்டுப் பழைய பிரவுசர். கடல் தெரிய வேண்டிய ஒளிபுகும் மூலைகளை அது அப்படித்தான் காட்டும்.

"பேசாம இங்கிலீஷ்ல போட்ஸ்னு போட்டுட்டுப் போயேன்" என்றார் மேனேஜர். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தமிழே நிக்கும் சார்" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் டேப் படத்தை மூன்றாக வெட்டினேன். இரண்டு ஓரமும் அப்படியே நிற்கும்; நடுத்துண்டு மட்டும் பாவாடை நாடாவைத் தளர்த்தினாற்போலச் சொல்லுக்கேற்ப நீளும். பழைய பிரவுசரும் மூலைகளை ஒழுங்காகக் காட்ட, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் அதற்கென்று தனி வரி எழுதினேன். எடுத்துக்கொண்டு மாமல்லபுரத்தில் அவர் வீட்டுக்கே போனேன்.

பக்கம் திறந்தது. வளைந்த மூலைகளில் கடல் தெரிந்தது. ‘படகு சவாரி’ முழுசாக இருந்தது. அவர் அதை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"போச்சா?" என்றார்.

போதும்டா சாமி, ஓடிவிடலாமா என்று கூடத் தோன்றியது. அப்போதுதான் அந்தப் பிரவுசரின் புத்தி நினைவுக்கு வந்தது: நான் போட்ட தனி வரியால் டேப் படம், அழுத்த வேண்டிய இணைப்பை மறைத்துக்கொள்ளும், அழுத்தினால் கேட்காது. இணைப்பை மேலே தூக்கிவிட இன்னொரு வரி சேர்த்தேன்.

அவர் அழுத்தினார். படகுகளின் பக்கம் பளிச்சென்று திறந்தது.

"ரி கீதும்மா! தொறக்கவும் தொறக்குது!" என்று வீடே அதிரக் கத்தினார். அவர் மனைவியும் ஓடிவந்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவர் வீட்டு போனிலிருந்தே மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"போட்ஸ்னு போட்டாச்சா?" என்றார்.

"படகு சவாரின்னே நிக்குது சார், ரியோட. என் வேலை நிரந்தர ஆர்டரை டைப் பண்ணச் சொல்லுங்க. அதுல என் பேரை முழுசா போடச் சொல்லுங்க."