சூடேறும் வால்வு

காஜா பேராங் தெருவில் ரேடியோவைச் சொந்தமாகக் கட்டும் எங்களுக்கு, எந்தக் கண்ணாடி வால்வுக்கு எந்தத் தகரச் சேசிஸ் பொருந்தும் என்பதில் தெருக்கோடி வீட்டுக்காரர் சொல்வதுதான் தீர்ப்பு. ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. எந்த வால்வையும் நகத்தால் தட்டிக் காதருகே வைத்துப் பார்ப்பார். ஜாலான் பெண்டஹாரா சாலையில் இருந்த ரேடியோ சாமான் கடைக்கு வந்திருந்த பெரிய வால்வையும் எனக்காக வந்து தட்டிப் பார்த்தார்.

"உங்க சேசிஸ் இந்தச் சூட்டத் தாங்காது. சின்னதே போதும்லா."

நம்பிச் சின்னதை வாங்கினேன். மெர்டேக்கா என்று நாட்டின் சுதந்திர அறிவிப்பு ஒலிபரப்பான காலையில் என் ரேடியோ கரகரத்தது. தெருவே அவர் வீட்டில் கூடியிருந்தது. போய்ப் பார்த்தேன். என்னுடையதைப் போன்ற சேசிஸில் அந்தப் பெரிய வால்வு கனன்றுகொண்டிருந்தது.

"தாங்காதுன்னீங்களே?"

"கடையில ஒண்ணுதான் இருந்துச்சு. ரெண்டு இருந்திருந்தா உண்மையச் சொல்லியிருப்பேன்." நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க."

உட்கார்ந்தேன். சத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை.