லேத்துக்குள் மோதிர விரல்

காலை ஒன்பது மணி நாற்பத்தேழு நிமிடத்துக்கு மின்சாரம் போனது. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. அன்று சரஸ்வதி பூஜை, வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பின்பக்க பால்கனியில் இருக்கும் லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டிவிட வேண்டும் என்று நிமிடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் போனதும் நான் சந்தோஷப்பட்டேன். எல்லாம் கெட ஆரம்பித்தது அந்தச் சந்தோஷத்தில்தான்.

லேத் என் மகளுடையது. பொறியியல் படித்து, ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். இப்போது மயிலாப்பூரில் எங்கள் இரண்டாவது மாடி வீட்டில் உட்கார்ந்து பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுது பார்க்கிறாள். அந்தக் கேமராக்களுக்கு உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. தேய்ந்துபோன வளையம், தொலைந்துபோன திருகு, எதுவானாலும் தானே கடைந்து செய்துகொள்ள வேண்டும். அதற்காக வாங்கியது இந்தச் சின்ன லேத். பார்ப்பதற்குத் தையல் மிஷினைவிடக் கொஞ்சம் பெரிது. எடை மட்டும் இரண்டு மாவு கிரைண்டர். ஒரு பக்கம் ‘சக்’ என்று உருண்டையாக ஓர் இரும்பு முகம். அதில் மூன்று தாடைகள். அவை ஒரு பித்தளைக் கம்பியைக் கவ்விக்கொண்டு சுற்றும். பக்கத்தில் அசையாமல் நிற்கும் கத்தி அதைச் சீவும். பென்சில் சீவுவது போலத்தான், இங்கே சுற்றுவது பென்சில்.

அது வீட்டுக்கு வந்த அன்றே லேத் விபத்துகளைப் பற்றிய வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்திருக்கக் கூடாது. மகள் தன் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். தலைமுடியைத் தூக்கிக் கட்ட வேண்டும். தொளதொள சட்டை கூடாது. மோதிரம், வாட்ச், வளையல் கூடாது. கையுறை கூடவே கூடாது, அது சுற்றுவதில் சிக்கினால் கையையும் இழுத்துக்கொள்ளும். சீவல்களைக் கையால் தொடாமல் பிரஷ்ஷால் தள்ள வேண்டும். தாடைகளைத் திறந்து மூடும் சாவி சக்கில் செருகியிருக்கும்வரை அதிலிருந்து கையை எடுக்கக் கூடாது. அவள் இத்தனையையும் கடைப்பிடித்தாள். இத்தனையையும் ஒருவர் கடைப்பிடிக்க முடியும் என்பதை நம்பாதவன் நான்தான். கால் மணிக்கு ஒரு தடவை மோர் கொண்டுபோய்ப் பால்கனி வாசலில் வைக்கும் சாக்கில் அவள் விரல்களை எண்ணுவேன்.

“பத்தும் இருக்குப்பா,” என்பாள், திரும்பிப் பார்க்காமலே.

சும்மா நின்று பயப்படுவதற்குப் பதிலாகப் பராமரிப்பை நான் எடுத்துக்கொண்டேன். கடல் காற்று எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியையே தின்கிறது, லேத்தை விட்டுவைக்குமா? முதல் வாரம் அதற்கு நல்லெண்ணெய் போட்டேன். பத்து நாளில் அது பிசினாகி, நகர வேண்டிய பாகமெல்லாம் ஒட்டிக்கொண்டது. மகள் ஒரு பகல் முழுக்க மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தாள்.

“அப்பா, இது லேத். தீபாவளிக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டற ஆள் இல்ல.”

அப்புறம் மெஷின் ஆயில் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பிரஷ்ஷால் தள்ளி, துணியால் துடைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு, அவ்வளவுதான் உன் வேலை என்றாள். என் மோதிரம் கல்யாணத்துக்குப் போட்டது. விரல் பருத்து இருபத்தாறு வருடமாகக் கழலவில்லை. அதனால் லேத் ஓடும்போது பால்கனிக்குள்ளேயே நான் வரக் கூடாது என்பது எனக்கு மட்டுமான தனி விதி.

சரஸ்வதி பூஜை வந்தது. பூஜையில் வைத்த புத்தகத்தையும் கருவியையும் மறுநாள் காலை மறுபடி பூஜை செய்து எடுக்கும்வரை தொடக் கூடாது அல்லவா? எனக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. ஒரு முழு நாள் அந்த லேத் ஓடாது. ஒரு முழு நாள் நான் மோர் சுமக்க வேண்டாம். முந்தின நாள் சாயங்காலமே சக் சாவியை ஆணியிலிருந்து எடுத்து, திருப்புளி, குறடு, கத்தரிக்கோல், நகவெட்டி எல்லாவற்றோடும் சேர்த்து சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கி, மேலே கனமான புத்தகங்களை வைத்துவிட்டேன்.

மகள் வந்து பார்த்தாள். “அப்பா, ஒரே ஒரு கேமரா ரிங் பாக்கி. அர மணி நேரம்.”

“சாமிகிட்ட வெச்சாச்சு.”

“பூஜையே நாளைக்குத்தானப்பா?”

“வெச்சது வெச்சதுதான். தொட்டா சரஸ்வதி கோவிச்சுப்பா.”

“சரஸ்வதி கோவிச்சுக்குவாளா, நீ கோவிச்சுக்குவியா?”

நான் புத்தகத்தின் மேல் ஒரு பூவை வைத்தேன். மறுநாள் காலையில், பூஜைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சைதாப்பேட்டையில் ஒரு தோழியின் பட்டறைக்கு அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

அவள் போனதும் எனக்குள் ஓர் ஆசை எழுந்தது. சூடம் காட்டும்போது லேத் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒத்திகை பார்த்துவிடலாம் என்று பிளக்கைச் செருகினேன். வேகத்தை மிகக் குறைவில் வைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். சாதுவாகச் சுற்றியது. பெருமையாக இருந்தது. அப்போதுதான் மின்சாரம் போனது, சக் மெல்ல நின்றது. மின்சாரம் இல்லாத லேத் வெறும் இரும்பு, இனி தைரியமாகக் கிட்டப் போகலாம் என்று நினைத்தேன். பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று தோன்றவில்லை. மின்வாரியமே பிடுங்கிவிட்டதே.

மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு சக்கின் நெற்றியில் வைத்தேன். சந்தனம் நீர்த்திருந்தது. ஒரு சொட்டு வழிந்து தாடைகளுக்கு நடுவே உள்ளே போய்விட்டது. ஈரம்! சாயங்காலத்துக்குள் துருப் பிடித்துவிடும்! வேட்டி நுனியை அதே விரலில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தேன். நன்றாகத் துடைபட்டது. விரலை இழுத்தேன். வரவில்லை. வேட்டியை மட்டும் இன்னொரு கையால் உருவ முடிந்தது. மோதிரம் உள்ளே போய்ச் சாய்ந்து, தாடையின் பின்பக்கம் மாட்டிக்கொண்டது.

அந்த நொடியில்தான் பச்சைப் பொத்தான் ஞாபகம் வந்தது. மின்சாரம் வந்தால் இது சுற்றும்.

இடது கையால் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அழுத்தியதற்கு எந்த அடையாளமும் இல்லை. இன்னொரு முறை அழுத்தினேன். ஒருவேளை எங்கள் படுக்கையறை விளக்கு போல, ஒரு தடவை அழுத்தினால் அணைந்து மறு தடவை அழுத்தினால் எரியுமோ? அப்படியானால் இரண்டு தடவை அழுத்தியது தப்பு. மூன்றாவது முறை அழுத்தினேன். அப்புறம் எண்ணிக்கை தவறிவிட்டது. ஏழா, எட்டா?

“பிளக்கப் பிடுங்கு!” என்று கத்தினேன்.

மனைவி சுண்டல் கரண்டியோடு ஓடி வந்தாள். எது ஏன் என்று கேட்காமல், லேத்துக்குப் பக்கத்தில் இருந்த வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பிளக்கைப் பிடுங்கினாள். பிறகுதான் என் கையைப் பார்த்தாள்.

“ஏங்க, அவ அத்தன தடவ சொன்னாளே!”

“திட்டறத அப்பறம் வெச்சுக்க. அவளுக்கு ஃபோன் போடு.”

மகள் எடுக்கவில்லை. ‘அப்பா விரல் லேத்தில். உடனே வா’ என்று மனைவி செய்தி அனுப்பிவிட்டு எனக்குப் படித்துக் காட்டினாள். விரல் போய்விட்டது என்றல்லவா மகள் நினைப்பாள்? இன்னொன்று அனுப்பச் சொன்னேன்: ‘விரல் இருக்கிறது. வெளியே வரவில்லை.’ அதைப் படித்தபோது முதலாவதே தேவலை என்று தோன்றியது. இரண்டாவது போவதற்குள் இணையமும் போய்விட்டது.

தேங்காய் எண்ணெய் ஊற்றினோம். முழங்கை வரை வழிந்தது, மோதிரத்துக்கு மட்டும் போகவில்லை.

“அந்தச் சாவியப் போட்டுக் கொஞ்சம் தொறந்தா வந்துடும்ல? எங்க இருக்கு?” என்றாள்.

என் கண் சரஸ்வதி படம் இருந்த பக்கம் போனது. அவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“எடுக்காத,” என்றேன். “நேத்துதான் அவகிட்ட அவ்ளோ பேசினேன். இன்னைக்கு எனக்குன்னா எடுக்கலாமா?”

“சரி. அப்ப நாளைக்குக் காலைல வரைக்கும் இப்படியே நில்லுங்க. சோறு ஊட்டி விடறேன்.”

விரல் தடித்துக்கொண்டே வந்தது. மேல் மாடி வீட்டு மாமாவைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். ஓய்வு பெற்றவர், சாஸ்திரம் தெரிந்தவர். அவர் ஈர வேட்டியோடு வந்தார். சத்தம் கேட்டு வாட்ச்மேனும் பின்னாலேயே வந்தார்.

“இன்னா சார் இது, கைய உள்ள வுட்டுக்கினு நிக்கிற?” என்றார் வாட்ச்மேன். “ஃபயர் சர்வீஸ கூப்டவா? மோதிரத்த கட் பண்ணுவாங்கோ.”

“கட் கிட்டுன்னு பேசாதய்யா!”

மாமா கண்ணை மூடி யோசித்தார். “பூஜைல வச்சத எடுக்கப்படாதுதான். ஆனா அவஸ்தைன்னு வந்துடுத்துன்னா தோஷமில்ல. அது இருந்த எடத்துல ஒரு புஷ்பத்த வச்சுட்டு எடுத்துண்டு வரச் சொல்லும். சரஸ்வதிக்குத் தெரியாதா என்ன?”

மனைவி மல்லிப்பூவை வைத்துவிட்டுச் சாவியோடு வந்தாள். அதிலும் நானே வைத்த குங்குமப் பொட்டு. மாமா அதை வாங்கி சக்கின் பக்கவாட்டு ஓட்டையில் செருகினார். எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் சாஸ்திரம் முடிந்துபோனது.

“வலப்பக்கம்,” என்றார் மாமா. “நல்ல காரியத்துக்கு எல்லாமே பிரதட்சிணம்தான்.”

“வலது பக்கம் திருப்னா இறுக்கிக்கும் சாமி. கொழாய தொறக்க எப்டி திருப்புவ? லெஃப்ட்ல வுடு.”

“கொழாய் வேற, இது வேற. நான் கேஸ் சிலிண்டருக்கு வாஷர் மாத்தினவன் ஓய்.”

“யாரும் திருப்பாதீங்க!” என்று இடது கையால் சக்கை மூடிக்கொண்டேன். “அவ வரட்டும்!”

அப்போது மின்சாரம் வந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமியது. கூடத்தில் ஃபேன் சுற்றியது. கீழ் வீட்டில் டிவி பாதிப் பாட்டிலிருந்து தொடங்கியது. லேத்தின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது.

நால்வரும் அந்த விளக்கைப் பார்த்தோம். சாவி சக்கில் இருந்தது; மாமா கையை எடுத்துவிட்டிருந்தார். என் விரலும் சக்கில் இருந்தது. யாரும் மூச்சு விடவில்லை. லேத் சுற்றவில்லை.

“பிளக்கப் பிடுங்கலியா நீ?” என்றேன்.

மனைவி தான் பிடுங்கிப் போட்டிருந்த ஒயரை எடுத்து மெதுவாகத் தொடர்ந்து போய்ப் பார்த்தாள். அது வாஷிங் மெஷினுடையது. அடுத்த பிளக்கைப் பிடுங்கியபோது சுவரோடு வந்துவிடுமோ என்று இருந்தது.

பிறகு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரம் போனால் அந்தப் பச்சைப் பொத்தான் தானாக விடுபட்டுவிடும். மின்சாரம் வந்த பிறகு மறுபடி அழுத்தினால் ஒழிய லேத் ஓடாது. நான் சிவப்பை ஏழு முறை அழுத்தியதும் ஒன்றுதான், எட்டு முறை அழுத்தியதும் ஒன்றுதான். அப்படி ஒரு பொத்தான் இல்லாத லேத்துகளும் உண்டாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

“ஆயுசு கெட்டி சார் உனுக்கு,” என்றார் வாட்ச்மேன். “தண்ணி குடிக்கிறியா?”

குடித்துக்கொண்டிருக்கும்போது படிக்கட்டில் ஓடி வரும் சத்தம் கேட்டது. மகள் வந்து நின்றாள். ஒரு கையில் பொரிப் பொட்டலம் கிழிந்து தொங்கியது. படி முழுக்கப் பொரி சிந்தியிருக்க வேண்டும். எங்கள் நால்வரையும் பார்த்தாள். முதலில் சுவரைப் பார்த்து இரண்டு பிளக்கும் வெளியே கிடக்கிறதா என்று உறுதி செய்துகொண்டாள். சாவியைச் சக்கிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இழுக்காதப்பா. உள்ள தள்ளு.”

“உள்ளயா?”

“தள்ளுப்பா.”

தள்ளினேன். உள்ளே மோதிரம் நிமிர்ந்தது. அவள் என் கையைக் கொஞ்சம் திருப்பினாள். எண்ணெயும் சந்தனமுமாக விரல் வெளியே வந்துவிட்டது. சாவியே தேவைப்படவில்லை.

விரலைத் தன் துப்பட்டாவில் துடைத்து, மடக்கிப் பார், நீட்டிப் பார் என்றாள். மடக்கினேன், நீட்டினேன். அதற்கப்புறம்தான் தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்றைச் செய்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சைதாப்பேட்டைலேர்ந்து ஒரு சிக்னல்லயும் நிக்கலப்பா அந்த ஆட்டோக்காரர்,” என்றாள். “நான் போட்ட சத்தத்துல.”